ரத்தம் ஏற்றிய எட்டாம் நாள் கண் மஞ்சளானால்…

ரத்தம் ஏற்றிக்கொள்வது பற்றிக் கேள்விகள் அனுப்பச் சொல்லியிருந்தேன். வந்ததில் தஞ்சாவூர்ப் பக்கத்து வாசகி ஒருவரின் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். நான் ரத்த வங்கியில் வேலை செய்கிறவள், இந்தக் கதையை வேறு வேறு வீடுகளில் பார்த்திருக்கிறேன். அதனால் இந்த முறை அவருக்கே நிறைய இடம் கொடுக்கிறேன். மற்ற கடிதங்களும் ஏறக்குறைய இதே விஷயத்தைச் சுற்றித்தான் வந்திருக்கின்றன.

டாக்டர், அம்மாவுக்கு 61 வயது. பாத்ரூமில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்து ஆபரேஷன் ஆனது. ஹீமோகுளோபின் 7.4 என்று இரண்டு யூனிட் ரத்தம் ஏற்றினார்கள். 9.5 ஆனது, வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். எட்டாம் நாள் கண் மஞ்சள், லேசாகக் காய்ச்சல், சிறுநீர் டிகாக்‌ஷன் நிறத்தில் போனது. மஞ்சள் காமாலை என்று கீழாநெல்லி அரைத்துக் கொடுத்து எண்ணெய் இல்லாமல் பத்தியம் வைத்தோம். நாலு நாளில் நடக்க முடியாமல் மூச்சு வாங்கியது. வேறொரு ஆஸ்பத்திரியில் ஹீமோகுளோபின் 7 என்றார்கள், உள்ளே எங்கோ ரத்தம் கசிகிறது என்று எண்டோஸ்கோபி, ஸ்கேன் எல்லாம் எடுத்தார்கள். ஒன்றும் இல்லை. இன்னொரு யூனிட் ஏற்றினார்கள், அதுவும் நிற்கவில்லை. கடைசியில் ஒரு ரத்த வங்கி டாக்டர்தான் அம்மாவுக்குக் ‘கிட் ஏ’ ஆன்டிபாடி இருக்கிறது, அதுதான் ஏற்றிய ரத்தத்தை அழித்துவிட்டது என்றார். இப்போது அம்மா தேறிவிட்டார். முதல் ஆஸ்பத்திரியில் தப்பான ரத்தம் ஏற்றிவிட்டார்கள், கேஸ் போட வேண்டும் என்கிறான் தம்பி. அம்மா ஏ பாசிட்டிவ், ஏற்றியதும் ஏ பாசிட்டிவ்தான். பிறகு எப்படி இது நடக்கும்?

முதலில் தம்பியின் கோபத்துக்கு வருகிறேன், அது நியாயமான கோபம்தான், ஆனால் ‘தப்பான ரத்தம்’ என்பது பெரும்பாலும் வேறு மாதிரி இருக்கும். ஏ குரூப்காரருக்கு பி ரத்தம் போய்விட்டால் எட்டு நாள் காத்திருக்காது. ஊசி போட்டுச் சில நிமிடத்திலோ சில மணி நேரத்திலோ நடுக்கம், காய்ச்சல், நெஞ்சிலும் இடுப்பிலும் வலி, சிவப்பாகச் சிறுநீர் என்று ஆரம்பித்துவிடும். அது பெரும்பாலும் பெயர் மாறி, சாம்பிள் குழாய் மாறி, படுக்கை எண் மாறி நடக்கும் பிழை. உங்கள் அம்மாவுக்கு நடந்தது அதுவாகத் தெரியவில்லை. குரூப் சரி, கிராஸ்மேட்சும் (தானம் கொடுத்தவர் ரத்தத்தையும் நோயாளி ரத்தத்தையும் சேர்த்துப் பார்க்கும் சோதனை) பொருந்தியிருக்கும், அன்றைக்கு எல்லாம் நல்லபடியாகத்தான் முடிந்திருக்கும். சிக்கல் ஆரம்பித்தது அதற்கப்புறம்.

ஏ, பி, ஓ, அதோடு பாசிட்டிவ், நெகட்டிவ் இவ்வளவுதான் ரத்த வகை என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். வியன்னாவில் கார்ல் லேண்ட்ஸ்டைனர் 1901ல் கண்டு சொன்ன ஏ, பி, ஓவும், பாசிட்டிவ், நெகட்டிவ் என்று பிரிக்கும், 1940ல் வந்து சேர்ந்த ஆர்ஹெச்சும் வாசல் மட்டும்தான், உள்ளே பெரிய வீடு இருக்கிறது. இன்றைக்கு 40க்கும் மேற்பட்ட ரத்த வகைத் தொகுதிகள் கணக்கில் இருக்கின்றன. கெல், டஃபி, கிட் என்று விநோதமாகப் பெயர்கள் இருக்கும். எல்லாம் முதன்முதலில் அந்தந்த ஆன்டிபாடி (வெளியிலிருந்து வந்ததை எதிர்க்க உடம்பு தயாரிக்கும் புரதம்) கண்டுபிடிக்கப்பட்ட நோயாளிகளின் குடும்பப் பெயர்கள். உங்கள் அம்மாவின் கிட், 1951ல் ஒரு பிரசவத்தைத் தொடர்ந்து கண்டுபிடிக்கப்பட்டது. ஒவ்வொரு சிவப்பணுவின் மேலும் இந்த அடையாளங்கள் ஒட்டிக்கொண்டிருக்கும், ஆன்டிஜென் என்கிறோம். தானம் கொடுத்தவரும் அம்மாவும் ஏ பாசிட்டிவ் என்பதால் மற்ற அடையாளங்களும் ஒன்றாக இருக்கும் என்று சொல்ல முடியாது. அக்காள் தங்கைக்கே ஒன்றாக இருக்க வேண்டும் என்று இல்லை.

அம்மாவின் சிவப்பணுவில் கிட் ஏ என்ற அடையாளம் கிடையாது. அது இருக்கிற ரத்தம் எப்போதோ ஒருமுறை அவர் உடம்புக்குள் போயிருக்கிறது. அம்மாவுக்கு எத்தனை பிரசவம் என்று நீங்கள் எழுதவில்லை. குழந்தையின் ரத்தத்தில் கொஞ்சம் பிரசவத்தின்போது தாயின் ரத்தத்தில் கலக்கும், அப்பாவிடமிருந்து குழந்தைக்கு வந்த அடையாளம் தாய்க்குப் புதியதாக இருக்கும். அல்லது இளவயதில் ஆபரேஷன் ஏதாவது செய்து ரத்தம் ஏற்றியிருப்பார்கள், வீட்டில் யாருக்கும் ஞாபகம் இருக்காது. எப்படியோ, அம்மாவின் உடம்பு அப்போது அதற்கு எதிராக ஆன்டிபாடியைத் தயாரித்துவிட்டது. அப்புறம் பல வருடம் அந்த ரத்தத்தைப் பார்க்கவே இல்லை, ஆன்டிபாடியும் குறைந்துகொண்டே வந்து, எந்தப் பரிசோதனையிலும் பிடிபடாத அளவுக்கு இறங்கிவிட்டது. ஆனால் அதைத் தயாரிக்கக் கற்றுக்கொண்ட நினைவுச் செல்கள் சாகாமல் காத்துக்கொண்டே இருக்கும். நீறு பூத்த நெருப்பு என்போமே, அதேதான். மேலே கை வைத்துப் பார்த்தால் சூடே தெரியாது.

ஆபரேஷனின்போது கிட் ஏ உள்ள ரத்தம் இரண்டு யூனிட் உள்ளே போனது. நினைவுச் செல்கள் விழித்துக்கொண்டன. முதல் தடவை ஆன்டிபாடி உண்டாக வாரக் கணக்கில், மாதக் கணக்கில் ஆகும், இரண்டாம் தடவை சில நாள் போதும். ஏற்றிய ரத்தம் அப்போதும் உடம்பில் ஓடிக்கொண்டிருப்பதால் பெருகி வந்த ஆன்டிபாடி அந்தச் சிவப்பணுக்களின் மேல் போய் ஒட்டிக்கொள்ளும், ஒட்டியவற்றை மண்ணீரலும் கல்லீரலும் பிடித்து உடைக்கும். கிட் ஆன்டிபாடி கொஞ்சம் முரட்டு ஆள், சில சமயம் ரத்தக் குழாய்க்குள்ளேயே அணுக்களை உடைத்துவிடும், அப்போதுதான் சிறுநீர் டிகாக்‌ஷன் போல, சில பேருக்கு இன்னும் கறுப்பாகப் போகும். உடைந்த ஹீமோகுளோபின் பிலிருபின் என்ற மஞ்சள் பொருளாக மாறுவதால் கண் மஞ்சளாகிறது. பொதுவாக ரத்தம் ஏற்றிய 3ம் நாளிலிருந்து 14ம் நாளுக்குள் இது தலைகாட்டும், 28 நாள் வரைகூட வரலாம். அந்த நேரத்தில் நோயாளி டிஸ்சார்ஜ் ஆகி வீட்டில் கட்டிலில் படுத்திருப்பார், ரத்தம் ஏற்றியவர்களுக்கும் இதைப் பார்க்கிறவர்களுக்கும் தொடர்பே இருக்காது. அதனால்தான் இது இவ்வளவு சுலபமாகத் தப்பிப்போகிறது.

கீழாநெல்லி கொடுத்ததற்காக உங்களை நான் குறை சொல்ல மாட்டேன், நம் ஊரில் கண் மஞ்சளானால் எல்லோர் கையும் முதலில் அங்கேதான் போகும். ஆனால் இந்த மஞ்சளுக்குக் காரணம் கல்லீரல் கெட்டது இல்லை, சிவப்பணு உடைவது. இன்னொன்றும் சொல்ல வேண்டும், ‘ரத்தம் ஏத்தினதுல மஞ்சக்காமாலை தொத்திக்கிச்சு’ என்று பல வீடுகளில் பயப்படுகிறார்கள். ரத்தத்தின் வழியாக வரும் ஹெபடைடிஸ் பி வைரஸ் உள்ளே போனாலும் அது வெளியே தெரிய ஒரு மாதத்துக்கு மேல் ஆகும், பல பேருக்கு இரண்டு மூன்று மாதம்கூட. ஒரு வாரத்தில் வருகிற மஞ்சளுக்கு அது காரணமாக இருக்க வாய்ப்பு மிகக் குறைவு. ரத்தம் ஏற்றி ஒரு வாரம் பத்து நாளில் கண் மஞ்சளானால், அல்லது ஏறின ஹீமோகுளோபின் காரணமில்லாமல் இறங்கினால், அல்லது கிருமி எதுவும் தெரியாமல் காய்ச்சல் அடித்தால், ரத்தம் ஏற்றிய விவரத்தை டாக்டரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள், ‘கூம்ப்ஸ் டெஸ்ட் எடுத்துப் பார்த்தீர்களா’ என்றும் கேளுங்கள். கேட்கத் தயங்க வேண்டாம்.

அந்த டெஸ்ட் என்னவென்று கொஞ்சம் சொல்கிறேன், எனக்கு மிகவும் பிடித்த பரிசோதனை அது. ராபின் கூம்ப்ஸ் என்ற ஆங்கிலேயர் தன் இரண்டு தோழர்களோடு 1945ல் வெளியிட்டது. ஆன்டிபாடி சிவப்பணு மேல் ஒட்டியிருந்தாலும் கண்ணுக்குத் தெரியாது, அணுக்கள் தனித்தனியாகவே மிதக்கும். மனித ஆன்டிபாடிக்கு எதிராக முயலின் உடம்பில் உண்டாக்கிய இன்னொரு ஆன்டிபாடியை அதில் சேர்த்தால் அது இரண்டு பக்கமும் பிடித்து அணுக்களைக் கோத்துவிடும், இதுதான் அவர் யோசனை. ரத்த வங்கியில் இதை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பார்ப்போம். சுழற்றி எடுத்த சின்னக் கண்ணாடிக் குழாயின் அடியில் குங்குமப் பொட்டு போலச் சிவப்பாக ஒட்டியிருக்கும். மெல்லச் சாய்த்தால், ஆன்டிபாடி இல்லாத ரத்தம் புகை கலைவது போல வழவழவென்று கலைந்து வரும். இருந்தால் நொய்யரிசி போலத் துகள் துகளாகப் பெயர்ந்து வரும். பெரிய ரத்த வங்கிகளில் இப்போது ஜெல் கார்டு, அதில் நல்ல அணுக்கள் அடியில் போய் உட்காரும், ஒட்டிக்கொண்டவை மேலேயே சிவப்புக் கோடாக நின்றுவிடும். உங்கள் அம்மா கதையில், வந்தவுடன் இதைப் பார்த்திருந்தால் எண்டோஸ்கோபியே தேவைப்பட்டிருக்காது.

சரி, கேஸ் போடலாமா? சட்டம் எனக்குத் தெரியாது, மருத்துவம் மட்டும் சொல்கிறேன். பரிசோதனையில் பிடிபடாத அளவுக்குக் குறைந்திருந்த ஆன்டிபாடியை முதல் ஆஸ்பத்திரி கண்டுபிடிக்காததைத் தவறு என்று சொல்வது கஷ்டம். ஆனால் ஒன்றிரண்டு விவரம் கேட்டுப் பாருங்கள். ரத்தம் ஏற்றும் முன் ‘இதற்கு முன்னால் ரத்தம் ஏற்றியிருக்கிறார்களா, எத்தனை பிரசவம்’ என்று யாராவது கேட்டார்களா? கிராஸ்மேட்ச் செய்தபோது கூம்ப்ஸ் முறையில் செய்தார்களா, வெறும் உப்புநீரில் பார்க்கும் சலைன் முறையோடு நிறுத்திவிட்டார்களா? சலைனில் மட்டும் பார்த்தால் கிட் போன்ற ஆன்டிபாடிகள் பெரும்பாலும் தப்பிவிடும். ஆன்டிபாடி ஸ்கிரீனிங் என்று தனியாக ஒரு பரிசோதனை உண்டு, நம் நாட்டில் எல்லா ரத்த வங்கியிலும் வழக்கமாகச் செய்வதில்லை, செய்ய வேண்டும் என்று நாங்கள் பல வருடமாகக் கத்திக்கொண்டிருக்கிறோம். எனக்கு அதைவிட வருத்தம் இரண்டாவது ஆஸ்பத்திரி மேல். 12 நாள் முன்னால் ரத்தம் ஏற்றிய ஒருவர் மஞ்சள் கண்ணோடு வந்திருக்கிறார், மறுபடியும் கிட் ஏ உள்ள ரத்தமே போயிருக்கும். அப்போது புதிதாகச் சாம்பிள் எடுத்து ரத்த வங்கியில் முழுதாகப் பார்த்திருந்தால் ஆன்டிபாடி அன்றைக்கே நன்றாகத் தெரிந்திருக்கும். மூன்று மாதத்துக்குள் ரத்தம் ஏற்றியவருக்கோ கர்ப்பமாக இருந்தவருக்கோ மூன்று நாளுக்கு மேற்பட்ட பழைய சாம்பிளில் கிராஸ்மேட்ச் செய்யக்கூடாது என்ற விதி இதற்காகத்தான் இருக்கிறது.

கேஸ் போடுவதோ இல்லையோ, இது பதிவாக வேண்டும். ரத்தம் ஏற்றியதில் வரும் கோளாறுகளைப் பதிவு செய்வதற்கென்றே 2012 டிசம்பர் 10 முதல் இந்தியாவில் ஹீமோவிஜிலன்ஸ் திட்டம் நடக்கிறது, நொய்டாவில் உள்ள தேசிய உயிரியல் நிறுவனம் நடத்துகிறது. ஆஸ்பத்திரியும் ரத்த வங்கியும் சேர்ந்து படிவம் நிரப்பி அனுப்ப வேண்டும். யாரையும் தண்டிப்பதற்காக வந்த திட்டம் இல்லை இது. கடைசியாகக் கண்டுபிடித்த அந்த ரத்த வங்கி டாக்டரிடம் அனுப்பியாகிவிட்டதா என்று கேளுங்கள்.

இனி அம்மாவுக்கு நீங்கள் செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது, இந்தக் கடிதத்துக்கு இவ்வளவு நீளமாகப் பதில் எழுதுவதே இதற்காகத்தான். இன்னும் ஒரு வருடம் கழித்துப் பரிசோதித்தால் அந்த ஆன்டிபாடி மறுபடி மறைந்து போயிருக்கலாம். ரிப்போர்ட்டில் நெகட்டிவ் என்று வரும். வந்தாலும் ஆயுசுக்கும் அவருக்குக் கிட் ஏ இல்லாத ரத்தம் மட்டும்தான் ஏற்ற வேண்டும். ஒரு ரத்த வங்கி கண்டுபிடித்தது இன்னொரு ரத்த வங்கிக்குத் தானாகப் போய்ச் சேராது, எடுத்துக்கொண்டு போக வேண்டியவர் நீங்கள்தான். ரத்த வங்கியில் ஆன்டிபாடி பெயர் எழுதிக் கையெழுத்தோடு ஓர் அட்டை கேட்டு வாங்குங்கள், ஆதார் அட்டையோடு வையுங்கள், பிள்ளைகள் எல்லோர் போனிலும் படம் எடுத்து வையுங்கள்.

ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், பல வருடம் முன்னால் ஒரு ராத்திரி டியூட்டியில் ஒரு பாட்டிக்கு இதே நடந்தது. எங்கள் ஸ்கிரீனிங் சுத்தமாக நெகட்டிவ், கிராஸ்மேட்ச் பொருந்தியது, ரத்தம் கொடுத்தோம். ஆறாம் நாள் மஞ்சள். அப்புறம்தான் அவர் மகன் ஊரிலிருந்து ஒரு மஞ்சப்பையைக் கொண்டுவந்து மேஜை மேல் கொட்டினார். பழைய எக்ஸ்ரே, மாத்திரைச் சீட்டு, கோயில் விபூதிப் பொட்டலம் எல்லாவற்றுக்கும் அடியில் மடித்த ஒரு டிஸ்சார்ஜ் தாள். மூன்று வருடம் முன்னால் வேறொரு ஊரில் யாரோ பேனாவில் ஓரமாக எழுதியிருந்தார்கள், ஆன்டி ஜே.கே.ஏ. என்று. கிட் ஏவைத்தான் நாங்கள் அப்படிச் சுருக்கி எழுதுவோம். அந்த ஒரு வரியை யாருமே அந்தக் குடும்பத்துக்குப் படித்துச் சொல்லவில்லை. பாட்டி பிழைத்துக்கொண்டார், ஆனால் பத்து நாள் பட்ட பாடு வீண் பாடு.

கிட் ஏ இல்லாத ரத்தம் கிடைக்குமா என்று பயப்பட வேண்டாம். நாலைந்து பேரில் ஒருவருக்கு அந்த அடையாளம் இருக்காது, பத்து யூனிட்டைச் சோதித்தால் இரண்டாவது தேறும். நேரம்தான் வேண்டும், அதனால் திட்டமிட்ட ஆபரேஷன் என்றால் இரண்டு நாள் முன்பே ரத்த வங்கிக்குச் சொல்லிவிடுங்கள்.

ஏற்றின ரத்தம் இப்படி உடைந்தால் உயிருக்கு ஆபத்தா? சிகிச்சை என்ன? (ஒரு வாசகர், விருதுநகர்)

பெரும்பாலும் தானே அடங்கிவிடும். ஆன்டிபாடி உடைப்பது வந்த ரத்தத்தை மட்டும்தான், நோயாளியின் சொந்த அணுக்களில் அந்த அடையாளம் இல்லாததால் அவற்றைத் தொடாது. ஏற்றின ரத்தம் முழுக்கப் போனதும் மஞ்சளும் இறங்கிவிடும். சிறுநீர் நன்றாகப் போகிறதா, கிட்னி சரியாக இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும், திரவம் கொடுப்பார்கள், ஹீமோகுளோபின் ரொம்ப இறங்கினால் பொருந்துகிற ரத்தமாகத் தேடி ஏற்றுவார்கள். வயதானவர்கள், இதய நோய் உள்ளவர்கள், ஏற்கெனவே கிட்னி பழுதானவர்கள் ஆகியோருக்கு ஆபத்து அதிகம். உயிர் போனதும் உண்டு, அரிதாக.

மகனுக்கு 9 வயது, தலசீமியா மேஜர் (பிறவியிலேயே ஹீமோகுளோபின் சரியாக உண்டாகாத நோய்). மூன்று வாரத்துக்கு ஒருமுறை ரத்தம் ஏற்றுவோம். இப்போது 12 நாளிலேயே சோர்ந்துவிடுகிறான். ‘ஆன்டிபாடி வந்திருக்கலாம், பார்க்கணும்’ என்கிறார்கள். என் ரத்தமும் அவன் ரத்தமும் ஒரே குரூப். வெளியாள் ரத்தத்தால்தானே இந்தப் பிரச்சினை, என் ரத்தத்தையே கொடுக்கக்கூடாதா? (ஒரு தந்தை, தருமபுரி)

உங்கள் மனசு புரிகிறது, இதை எழுதாத தகப்பன் கிடையாது. ஆனால் கொடுக்காதீர்கள். நெருங்கின சொந்தத்தின் ரத்தத்தில் இருக்கும் வெள்ளணுக்களை உடம்பு ‘நம்ம ஆள்’ என்று விட்டுவிடும், அவை உள்ளே தங்கிப் பெருகி, வாங்கினவரின் தோல், குடல், கல்லீரல், எலும்பு மஜ்ஜை எல்லாவற்றையும் தாக்கும். அரிது, ஆனால் வந்தால் பிழைப்பது மிகமிகக் கஷ்டம். கதிர்வீச்சு கொடுத்த ரத்தமாக இருந்தால் மட்டும் அந்தப் பயம் இல்லை. அதோடு நாளைக்கு மஜ்ஜை மாற்று சிகிச்சைக்கு வீட்டில் யாராவது பொருந்தினால், முன்னாலேயே உங்கள் ரத்தத்தை ஏற்றியிருப்பது அதற்கும் இடைஞ்சல். மகனுக்காகக் கொடுக்க வேண்டும் என்று தோன்றினால் ரத்த வங்கியில் பொதுவில் கொடுங்கள், யாரோ ஒருவர் கொடுத்த ரத்தம்தானே அவனுக்கு வருகிறது.

இடைவெளி சுருங்குவதை நீங்கள் கவனித்தது ரொம்ப நல்லது, தலசீமியா பிள்ளைகளிடம் தாமதமாக வரும் இந்தக் கோளாறு பல சமயம் மஞ்சள்கூடக் காட்டாது, ‘இந்தத் தடவை ரத்தம் நிக்கலை’ என்பது மட்டும்தான் அறிகுறி. மண்ணீரல் வீங்கினாலும் இப்படி ஆகும், அதையும் பார்க்கச் சொல்லுங்கள். ரத்தம் ஏற்றும் முன் அவனுக்கு ஹீமோகுளோபின் எவ்வளவு இருக்கிறது என்று ஒவ்வொரு முறையும் நோட்டில் எழுதி வருகிறீர்களா? 9.5க்குக் குறையாமல் வைத்திருப்பதுதான் நோக்கம். அந்த நோட்டு டாக்டருக்கு எந்த ஸ்கேனையும் விட உபயோகப்படும்.

நம் ஊர்ப் பிள்ளைகளிடம் அதிகம் பார்ப்பது ஆர்ஹெச் குடும்பத்து ஆன்டிபாடிகள், ‘பிக் ஈ’, ‘ஸ்மால் சி’ என்று ரிப்போர்ட்டில் இருக்கும். இதைத் தடுக்க வழி உண்டு: முதல் முறை ரத்தம் ஏற்றுவதற்கு முன்னாலேயே குழந்தையின் ஆர்ஹெச் அடையாளங்களையும் கெல்லையும் முழுசாகப் பார்த்து எழுதி வைத்து, அவற்றுக்குப் பொருந்தும் ரத்தமாகவே கொடுத்து வந்தால் ஆன்டிபாடி உண்டாவது வெகுவாகக் குறையும். தலசீமியா சிகிச்சைக்கான சர்வதேச வழிகாட்டிகளும் அதைத்தான் சொல்கின்றன. உங்கள் பிள்ளைக்கு அது செய்யாமல் விட்டிருந்தால் இப்போது சாதாரண முறையில் பார்ப்பது கடினம், அவன் உடம்பில் ஓடுவதில் பாதி ஊரார் ரத்தம், யாருடைய அடையாளம் என்று தெரியாது. ஜீன் பரிசோதனையில் அவனுடையதைத் தனியாகக் கண்டுபிடிக்கலாம், பெரிய மையங்களில் செய்கிறார்கள். புதிதாகத் தலசீமியா என்று தெரிந்த வீடுகளில் யாராவது இதைப் படித்தால், தயவுசெய்து முதல் யூனிட் ஏறும் முன் இதைக் கேட்டு வாங்குங்கள். அன்றைக்கு ஒரு குழாய் ரத்தம் போதும்.

நான் பி பாசிட்டிவ். போன பிரசவத்தில் ரத்தப்போக்கு அதிகமாகி மூன்று யூனிட் ஏற்றினார்கள். இப்போது நாலு மாதக் கர்ப்பம். ஐசிடி (தாயின் ரத்தத்தில் ஆன்டிபாடி இருக்கிறதா என்று பார்க்கும் கூம்ப்ஸ் டெஸ்ட்) பாசிட்டிவ், ‘ஆன்டி ஸ்மால் சி’ என்று வந்திருக்கிறது. நெகட்டிவ் குரூப்காரர்களுக்குத்தானே இந்தப் பிரச்சினை? ஊசி போட்டால் சரியாகுமா? (ஒரு வாசகி, நாகர்கோவில்)

ஊசி இதற்கு உதவாது அம்மா, அந்த ஆன்டி-டி ஊசி, பாசிட்டிவ், நெகட்டிவ் என்று பிரிக்கும் டி என்ற ஒரே அடையாளத்துக்கு மட்டும்தான், அதுவும் ஆன்டிபாடி உண்டாவதற்கு முன்னால் போட வேண்டியது. ஐசிடி என்பது நெகட்டிவ் குரூப் பெண்களுக்கு மட்டும் என்று நினைத்து எத்தனையோ இடங்களில் பாசிட்டிவ் பெண்களுக்கு எடுப்பதே இல்லை, உங்களுக்கு எடுத்த டாக்டருக்கு நன்றி சொல்லுங்கள்.

ஏற்றின ரத்தத்தில் இருந்து உண்டான ஆன்டிபாடி நஞ்சுக்கொடி வழியாகக் குழந்தைக்குப் போகும். குழந்தையிடம் ஸ்மால் சி இருந்தால்தான் பாதிப்பு, அதனால் முதலில் உங்கள் கணவரின் ரத்தத்தைப் பார்ப்பார்கள். அவரிடம் இல்லையென்றால் நிம்மதியாக இருக்கலாம். இருந்தால் ஆன்டிபாடியின் அளவை அடிக்கடி பார்த்து, கூடினால் ஸ்கேனில் குழந்தையின் மூளைக்குப் போகும் ரத்தக் குழாயில் ஓட்டத்தின் வேகத்தை அளப்பார்கள், ரத்தசோகை வந்தால் வேகம் கூடும். தேவைப்பட்டால் வயிற்றுக்குள்ளேயே குழந்தைக்கு ரத்தம் ஏற்ற முடிகிறது. பிறந்தபின் மஞ்சள் எவ்வளவு என்று முதல் நாளே பார்த்து, தேவையென்றால் நீல வெளிச்சத்தில் வைப்பார்கள். பிறந்த குழந்தைகளுக்கான தீவிர சிகிச்சைப் பிரிவு உள்ள இடத்தில் பிரசவம் வைத்துக்கொள்ளுங்கள். உங்களுக்கே ரத்தம் தேவைப்படலாம் என்பதால் ஸ்மால் சி இல்லாத பி ரத்தத்தை முன்கூட்டியே பார்த்து வைக்கச் சொல்லுங்கள். ஒரு வேண்டுகோள்: அவசரம் என்று உங்கள் கணவரின் ரத்தத்தைக் கொடுக்கச் சொன்னால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். குழந்தை பெறும் வயதில் இருக்கும் எந்தப் பெண்ணுக்கும் கணவர் ரத்தத்தையோ கணவர் வீட்டார் ரத்தத்தையோ ஏற்றுவதைத் தவிர்ப்பது நல்லது.

எனக்கு ஆன்டிபாடி இருக்கிறது என்றார்கள். நான் ரத்த தானம் செய்யலாமா? (ஒரு வாசகர், ஈரோடு)

ரத்த வங்கியில் சொல்லிவிட்டு அவர்கள் முடிவுக்கு விடுங்கள். உங்கள் பிளாஸ்மாவில் அந்த ஆன்டிபாடி இருக்கும் என்பதால் அதை மற்றவருக்குக் கொடுக்க மாட்டார்கள். ஆனால் உங்களைப் போன்றவர்களின் சிவப்பணுவில் அந்த அடையாளம் இருக்காது, அதே ஆன்டிபாடி உள்ள இன்னொருவருக்கு அது பொருந்தக்கூடும். உங்கள் விவரத்தை அவர்கள் பதிவேட்டில் எழுதிக்கொள்ளச் சொல்லுங்கள்.

அக்கா, எனக்கு 22 வயது, சிக்கிள் செல் நோய் (சிவப்பணுக்கள் அரிவாள் போல வளைந்துவிடும் பரம்பரை நோய்). ஆபரேஷனுக்காக இரண்டு யூனிட் ரத்தம் ஏற்றினார்கள். ஒரு வாரத்தில் உடம்பு முழுக்க வலி, ஹீமோகுளோபின் ஏற்றுவதற்கு முன் இருந்ததைவிடக் கீழே போய்விட்டது. வழக்கமான வலிதான் என்று மறுபடி ரத்தம் ஏற்றச் சொன்னார்கள், ஒரு டாக்டர் மட்டும் வேண்டாம் என்று தடுத்தார். யார் சொன்னது சரி? (கூடலூர், நீலகிரி)

தடுத்தவர் சரி தம்பி. அவருக்கு இந்த விஷயம் நன்றாகத் தெரிந்திருக்கிறது. மேலே சொன்ன எல்லோருக்கும் ஏற்றின ரத்தம் மட்டும்தான் உடையும், சிக்கிள் செல் உள்ளவர்களில் சிலருக்கு மட்டும் சொந்த ரத்தமும் சேர்ந்து உடைந்துவிடும். அதனால்தான் ஹீமோகுளோபின் பழைய அளவுக்கும் கீழே போகிறது. வலியும் கூடவே வருவதால் சாதாரண சிக்கிள் வலி போலவே இருக்கும், யாரும் ஏமாந்துபோவார்கள். அந்த நேரத்தில் மேலும் ரத்தம் ஏற்றினால் எரிகிற அடுப்பில் விறகு வைப்பது போல ஆகிவிடலாம். உயிருக்கே ஆபத்து என்றால் தவிர ஏற்றாமல், ஸ்டீராய்டு, இம்யூனோகுளோபுலின் ஆகியவற்றைக் கொடுத்துப் பார்த்துக்கொள்வார்கள். சில பேருக்கு ஆன்டிபாடியே கண்டுபிடிக்க முடியாமல் போவதும் உண்டு, அதனால் ‘டெஸ்ட் நெகட்டிவ், அதனால் இது இல்லை’ என்று யாராவது சொன்னால் நம்பிவிட வேண்டாம்.

உங்கள் ஊரிலிருந்து இந்தக் கடிதம் வந்ததில் எனக்கு வேறொரு விஷயமும் ஞாபகம் வந்தது. இந்தியாவில் சிக்கிள் செல் இருப்பதை முதலில் உலகத்துக்குச் சொன்னது உங்கள் நீலகிரி மலை மக்களிடம் எடுத்த ரத்தத்தை வைத்துத்தான், 1952ல், லேமன், கட்புஷ் என்ற இரண்டு பேர். அந்த மேரி கட்புஷ்தான் அதற்கு இரண்டு வருடம் முன்னால், 1950ல், டஃபி ரத்த வகையைக் கண்டு சொன்னவர்களில் ஒருவர். சிக்கிள் செல் பற்றியும், ரத்தம் ஏற்றுவதில் வரும் இந்த ஆன்டிபாடி பற்றியும் அன்றைக்கே ஒரே கையில் வேலை நடந்திருக்கிறது. எழுபது வருடத்துக்கு மேல் ஆகியும் மலையில் இருக்கும் ஒரு பையனுக்கு, ரத்தம் ஏற்றும் முன் அவன் ரத்த அடையாளங்களை முழுசாகப் பார்த்து வைக்க ஆள் இல்லை என்பது எனக்கு வயிற்றெரிச்சல்.

நீங்கள் செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். ரத்தம் ஏற்றி இப்போது எத்தனை நாள் ஆகிறது? மூன்று மாதம் முடிந்ததும், அதற்குள் வேறு ரத்தம் ஏற்றாமல் இருந்தால், ஆர்ஹெச், கெல், டஃபி, கிட் என்று உங்கள் சொந்த அடையாளங்கள் முழுவதையும் பார்த்து எழுதி வாங்குங்கள். உங்களைத் தடுத்த அந்த டாக்டரிடமே போங்கள். ‘ரத்தம் ஏற்றியபின் தாமதமாகச் சிவப்பணு உடைந்தது, ரத்த வங்கி டாக்டரைக் கேட்காமல் ரத்தம் ஏற்ற வேண்டாம்’ என்று ஒரு தாளில் அவர் கையெழுத்தோடு வாங்கி, லேமினேட் செய்து பர்ஸில் வையுங்கள். அண்ணனிடமோ அம்மாவிடமோ இன்னொரு பிரதி இருக்கட்டும், வலி வந்து படுத்துவிட்டால் பேச வேண்டியவர்கள் அவர்கள்தான்.